ஓணானின் 34 குரோமோசோம்கள்

மழை தொடங்கும் பருவத்தில் கம்பம் பள்ளத்தாக்கு ஓணான்களில் ஆண் எது, பெண் எது என்று சொல்ல உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூடலூரிலிருந்து சின்னமனூர் போகிற வழியெல்லாம் திராட்சைப் பந்தல். பந்தலைத் தாங்கும் தூணின் உச்சியில் உட்கார்ந்து, முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுக்கிறதே, அது ஆண். தலையும் தோளும் சிவந்திருக்கும், கன்னம் உப்பியிருக்கும், தொண்டையோரம் கருந்திட்டு தெரியும். பெண் அதைவிடச் சிறியது. பழுப்பு நிறத்தில் வேலியோரம் கண்ணில் படாமல் திரியும்.

அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஓணான் தூரத்தில் இருந்தபடியே ரத்தத்தை உறிஞ்சும் என்று சொல்லி வைத்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட ராமருக்கு அணில் இளநீர் தந்ததாம், ஓணான் மூத்திரத்தைத் தந்ததாம். அதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் கல்லெறிந்து கணக்குத் தீர்க்கிறார்கள். பாவம், அந்தச் சிவப்பு பக்கத்துத் தூணில் இருக்கும் இன்னொரு ஆணுக்கான மிரட்டல், அவ்வளவுதான்.

வெளியே இவ்வளவு வித்தியாசம் காட்டும் பிராணியின் செல்லை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால் ஏமாற்றம் காத்திருக்கிறது. மொத்தம் 34 குரோமோசோம்கள். அவற்றில் 12 பெரியவை, மீதி 22 புள்ளியளவே உள்ள நுண்குரோமோசோம்கள். ஆணிலும் இதே 34, பெண்ணிலும் இதே 34. ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்த்தால் எல்லா ஜோடியும் பொருந்திப்போகிறது. மனித ஆணின் செல்லில் பெரிய எக்ஸும் அதற்குப் பக்கத்தில் குட்டையான ஒய்யும் நிற்குமே, அப்படிப் பொருந்தாத ஜோடி ஒன்று இங்கே எந்தப் பாலிலும் இல்லை. அப்படியானால் தூணின் மேல் இருப்பதை ஆணாக்கியது எது? இந்தக் கேள்விக்கு இந்தியாவின் இரண்டு ஆய்வுக்கூடங்கள் நேர் எதிரான இரண்டு பதில்களைத் தந்திருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, பால் குரோமோசோம் என்பது எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

*

பால் குரோமோசோம்கள் பிறக்கும்போது பால் குரோமோசோம்களாக இருப்பதில்லை. சாதாரண ஜோடி ஒன்றில், ஒரு குரோமோசோமில் மட்டும் ஏதோ ஒரு மரபணுவில் மாற்றம் நேர்கிறது. அந்த மாற்றத்தைப் பெற்ற கரு ஆணாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடத்திலிருந்து அந்தக் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். இதுதான் ஒய்யின் தொடக்கம். மாற்றம் கருவைப் பெண்ணாக்குகிறது என்றால் அது தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் போகும்; அதை டபிள்யூ என்கிறோம், அதன் ஜோடியை இசட் என்கிறோம். மனிதரில் ஆணிடம் எக்ஸ்-ஒய். கோழியில் பெண்ணிடம் இசட்-டபிள்யூ.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். சாதாரண ஜோடிகள் விந்தும் முட்டையும் உருவாகும்போது தங்களுக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். பழுதான துண்டு கழிவதற்கும் நல்ல துண்டு பரவுவதற்கும் அந்தப் பரிமாற்றம்தான் வழி. பாலைத் தீர்மானிக்கும் மரபணுவின் அருகே ஆணுக்கு மட்டும் நன்மை தரும் வேறு மரபணுக்கள் சேரும்போது, அவை பிரியாமல் ஒன்றாகவே போவது லாபம். ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிவிட்டால் போதும், அந்த இடத்தில் பரிமாற்றம் நின்றுவிடும். நின்ற பிறகு பழுதுகள் சேருகின்றன, கழிய வழியில்லை. பொருளற்ற தொடர்கள் திரும்பத் திரும்ப நிரம்புகின்றன. மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. கடைசியில் ஒய்யோ டபிள்யூவோ சுருங்கிப்போகிறது.

இந்தக் கதையை முழுமையாகச் சொன்னவர் சுசுமு ஓனோ. 1967-ல் வந்த அவருடைய பால் குரோமோசோம்கள் பற்றிய நூலில் அவருக்குச் சாட்சியாக வந்து நின்றவை பாம்புகள். மலைப்பாம்பின் செல்லில் பொருந்தாத ஜோடி இல்லை. சாரைப்பாம்பின் பெரிய குடும்பத்தில் இசட்டும் டபிள்யூவும் பெரும்பாலும் ஓரளவு வேறுபட்டிருக்கின்றன. விரியன்களில் டபிள்யூ சிறுத்துப் போயிருக்கிறது. பழைய பாம்பில் தொடக்கம், இடைப்பட்டதில் நடுக்கட்டம், புதியதில் முடிவு. ஓனோ இதை வரிசையாக நிறுத்தியபோது பரிணாமம் கண்ணெதிரே நடப்பதாகவே தோன்றியிருக்கும். தேனி மாவட்டத்தில் இந்த மூன்று கட்டமும் கிடைக்கும். மலையடிவாரத்தில் மலைப்பாம்பு, வயல்வரப்பில் சாரை, கல்லிடுக்கில் கண்ணாடி விரியன். மேகமலையில் இன்னும் அரிதான விரியன் ஒன்றும் உண்டு. 1940-களில் அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலைபார்த்த ஆங்கஸ் ஹட்டன் பிடித்துக் கொடுத்த ஒரு குழிவிரியனுக்கு, 1949-ல் மால்கம் ஸ்மித் அவர் பெயரையே வைத்தார்.

ஓனோவின் வரிசையைச் சோதித்துப் பார்த்தவர்கள் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். பேராசிரியர் எஸ். பி. ராய்சௌத்ரியிடம் ஆய்வு மாணவராக இருந்த லால்ஜி சிங், உத்தரப்பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து வந்தவர். பாம்புகளின் குரோமோசோம்களைப் பார்ப்பதுதான் அவர் முனைவர் பட்ட வேலை. 1971-ல் ராய்சௌத்ரி, சிங், சர்மா மூவரும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. சில பாம்புகளில் இசட்டும் டபிள்யூவும் அளவில் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆனால் பெண்ணின் செல் பகுபடாமல் ஓய்ந்திருக்கும்போது டபிள்யூ மட்டும் இறுகிச் சுருண்டு கிடக்கிறது. அதாவது உருவம் மாறுவதற்கு முன்பே டபிள்யூ அடங்கிவிடுகிறது. சுருங்குவது பின்னால் நடப்பது. ஓனோ சொன்ன கதையில் எது முன், எது பின் என்ற விவரத்தை இவர்கள் திருத்தி எழுதினார்கள்.

பிறகு லால்ஜி சிங் எடின்பரோவுக்குப் போனார். கட்டுவிரியன் வகைப் பாம்பொன்றின் பெண்ணிலிருந்து, திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ தொடர் ஒன்றை அங்கே பிரித்தெடுத்தார்கள். அதற்கு பிகேஎம் என்று பெயர். ஜிஏடிஏ, ஜிஏடிஏ என்று நான்கெழுத்து ஓயாமல் திரும்பும் தொடர் அது. பாம்பின் டபிள்யூவில் குவிந்திருந்த அது எலியின் ஒய் குரோமோசோமிலும் இருந்தது. பாம்பையும் எலியையும் இணைக்கும் பால் தீர்மானக் கருவியே கிடைத்துவிட்டது என்று சில ஆண்டுகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தது. பாலூட்டியின் ஒய்யில் ஆணைத் தீர்மானிக்கும் மரபணு 1990-ல் கண்டுபிடிக்கப்பட்ட எஸ்ஆர்ஒய். அதற்கும் பிகேஎம்முக்கும் சம்பந்தமில்லை. ஆனால் திரும்பும் அந்தத் தொடரின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு வந்த லால்ஜி சிங், அதே பாம்புத் தொடரைக் கொண்டு மனித டிஎன்ஏ ரேகை எடுக்கும் முறையை உருவாக்கினார். தந்தை யார் என்ற வழக்குகளிலிருந்து 1991 ஸ்ரீபெரும்புதூர் படுகொலை வழக்கு வரை டிஎன்ஏ ரேகை இந்திய நீதிமன்றங்களுக்குள் நுழைந்தது இப்படித்தான். பாம்பின் பெண் குரோமோசோமைப் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன் என்று 1970-ல் கேட்டிருந்தால் அவரிடமே பதில் இருந்திருக்காது.

*

ஓனோவின் அழகான வரிசைக்கு 2017-ல் பெரிய அடி விழுந்தது. அதற்கான துப்பு கன்னிப் பிறப்பில் இருந்தது.

ஆண் துணையின்றிச் சில ஊர்வன முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். வழக்கமான முறையில், தாயின் பாதிக் குரோமோசோம்களைக் கொண்ட முட்டை அந்தப் பாதியையே இரட்டித்துக்கொள்கிறது. தாய் இசட்-டபிள்யூ என்றால் குஞ்சு இசட்-இசட் ஆகவோ டபிள்யூ-டபிள்யூ ஆகவோதான் வரமுடியும். இரண்டாவது பிழைக்காது, ஆகவே பிறப்பதெல்லாம் ஆண். 2006-ல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிச்சாலையில் ஃபுளோரா என்ற கொமோடோ உடும்பு ஆண் வாசனையே அறியாமல் முட்டையிட்டபோது இந்தக் கணக்குப்படியே நடந்தது, குஞ்சுகள் எல்லாம் ஆண். நம் ஊர் உடும்பும் அதே குலம்தான், பெண்ணிடம்தான் இசட்-டபிள்யூ.

போவா பாம்புகளில் கன்னிப் பிறப்பு நடந்தபோது குட்டிகள் எல்லாமே பெண்ணாக இருந்தன. எல்லாப் பாம்புக்கும் இசட்-டபிள்யூ என்பது பாடப்புத்தகத்தில் இருந்ததால், பிழைக்கவே முடியாத டபிள்யூ-டபிள்யூ குட்டிகள் எப்படியோ பிழைத்துவிட்டன என்று விளக்கம் எழுதினார்கள். அமெரிக்காவின் டோனி கேம்பிள் குழு டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தது. போவாவிலும் பர்மிய மலைப்பாம்பிலும் இருப்பது எக்ஸ்-ஒய். தாய் எக்ஸ்-எக்ஸ் என்றால் கன்னிப் பிறப்பில் மகள்களைத் தவிர வேறென்ன பிறக்கும்? இந்த இரண்டு பாம்புகளிலும் எக்ஸ்-ஒய் தனித்தனியே தோன்றியிருக்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஓனோ தொடக்கப்படி என்று நினைத்த மலைப்பாம்பு அந்தப் படிக்கட்டிலேயே இல்லை. அது வேறு வீட்டுப் படி. ஐம்பது வருடம் யாரும் சந்தேகப்படவில்லை என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் வித்தியாசம் இல்லை என்று முடிவுகட்டும் பழக்கம் அவ்வளவு வலுவானது.

கன்னிப் பிறப்பின் எல்லைக்கே போய்விட்ட ஒன்று கம்பத்துத் திராட்சைத் தோட்டத்து மண்ணிலும் நெளிகிறது. தொழு உரம் போடும்போது மண்வெட்டியில் சிக்கி, மண்புழு என்று தூக்கியெறியப்படும் புழுப்பாம்பு. ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டாக இல்லாமல் மூன்றாக இருக்கும் இனம் அது. ஆணே கிடையாது. தாய் தன் நகல்களை முட்டையாக இடுகிறது. பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகத்தின் வெப்பநாடுகளெல்லாம் பரவிவிட்டது. ஒரு பாம்பு போய் இறங்கினால் போதும், குடும்பம் உண்டாகிவிடும்.

பல்லிகளுக்கு வந்தால் தலை சுற்றும். 2015-ல் கேம்பிள் குழு பல்லி இனங்களின் குடும்ப மரத்தில் பால் தீர்மான முறைகளைக் குறித்துக்கொண்டே போனபோது, ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு 17 முதல் 25 தடவை மாறியிருப்பதாகக் கணக்கு வந்தது. எக்ஸ்-ஒய், இசட்-டபிள்யூ, வெப்பம் என மூன்றுக்கும் இடையே ஓட்டம். பாலூட்டிகளில் கருப்பையில் குட்டி வளர்க்கும் அத்தனை வகையும் பெரும்பாலும் ஒரே எக்ஸ்-ஒய்யை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன, பறவைகள் ஒரே இசட்-டபிள்யூவை. பல்லிகளில் மட்டும் ஏன் இந்தச் சஞ்சலம்? பழைய ஒய் இன்னும் சிதையாமல் இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு குரோமோசோமுக்கு மாறுவதில் நஷ்டமில்லை என்பது ஒரு பதில். மனித ஒய் நிலைமை வேறு. ஒய்-ஒய் என்று ஒரு குழந்தை பிறக்கவே முடியாது, எக்ஸ் இல்லாமல் உயிரே இல்லை. நாம் மாற முடியாத இடத்துக்கு வந்துவிட்டோம்.

மேகமலையில் மட்டுமே வாழும் தொல்பல்லி ஒன்றுக்கு 2019-ல் அந்த மலையின் பெயரையே வைத்தார்கள். பழநி மலையில் அதன் சகோதர இனம் ஒன்று, ஆனைமலையில் இன்னொன்று. மலைக்கொரு பல்லி. இவை பிரிந்து நின்ற காலத்தில் பால் குரோமோசோம்களும் தனித்தனியே வழி பிரிந்தனவா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

சஞ்சலம் எல்லாருக்கும் பொது என்று நினைத்துவிட வேண்டாம். அரணை கடித்தால் மரணம் என்பார்கள். கடிக்க வந்ததையே மறந்துவிடும் என்றும் அவர்களே சொல்வார்கள். அந்த மறதிக்காரி தன் எக்ஸ்-ஒய்யை மட்டும் 8 கோடி ஆண்டுகளுக்கு மேல் மறக்காமல் காப்பாற்றி வந்திருக்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. இவ்வளவு காலமாகியும் அரணையின் ஒய் சிறுக்கவில்லை, எக்ஸும் ஒய்யும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. வயதானால் ஒய் சிதைந்தே தீரும் என்பது விதியல்ல.

*

இப்போது வெப்பம். 1966-ல் செனகலின் தக்காரில் மதலேன் ஷார்னியே என்ற விலங்கியலாளர் அகமா என்ற ஓணானின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தார். 27 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்தவை ஏறக்குறைய எல்லாம் பெண்ணாகவும், 29 டிகிரியில் வைத்தவை எல்லாம் ஆணாகவும் பொரித்தன. ஊர்வனவற்றில் முட்டையின் சூடே பாலைத் தீர்மானிக்கும் என்பதற்கான முதல் சான்று அது. பிரெஞ்சு மொழியில் சிறிய இதழொன்றில் வந்ததால் சில ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. அகமா நம் ஓணானின் குடும்பம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் முதலையின் மூலம் வந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில், ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் சதுப்புநில முதலையின் முட்டைகளை இன்குபேட்டரில் வைத்து 1989-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி வரை எல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். அதை ஒட்டிய சூடுகளில் இரண்டும் கலந்து. ஒன்றரை டிகிரிக்குள் ஒரு கூட்டின் கதியே மாறிவிடுகிறது. முதலைகளில் பால் குரோமோசோம் என்பதே கிடையாது.

சூடு எப்படி மரபணுக்களிடம் பேசுகிறது? இதற்கான தெளிவான பதில் 2018-ல் சிவப்புக்காது ஆமையிடம் கிடைத்தது; வண்ணமீன் கடைகளில் விற்பார்களே, அதே ஆமை. 26 டிகிரியில் ஆண், 32-ல் பெண். குளிர்ந்த முட்டையில் கேடிஎம்6பி என்ற மரபணு விழித்திருக்கிறது. அது உண்டாக்கும் நொதி, டிஎம்ஆர்டி1 என்ற இன்னொரு மரபணுவின் மேல் விழுந்திருக்கும் வேதிப் பூட்டைக் கழற்றுகிறது. டிஎம்ஆர்டி1 வேலையைத் தொடங்கினால் விதைப்பை உருவாகும். குளிர்ந்த முட்டையிலேயே கேடிஎம்6பியை அடக்கிப் பார்த்தார்கள். ஆணாக வேண்டிய கருக்களில் பெரும்பாலானவை பெண்ணாயின. முட்டை சூடானால் செல்லுக்குள் கால்சியம் புகுந்து கேடிஎம்6பியை அடக்கும் ஒரு புரதத்தைத் தூண்டுகிறது என்று 2020-ல் அடுத்த கண்ணியும் கிடைத்தது.

இந்த டிஎம்ஆர்டி1-ஐ ஆய்வாளர்கள் ஏற்கெனவே கோழியில் பார்த்திருந்தார்கள். கோழியின் இசட் குரோமோசோமில் இருப்பது அதுதான். இரண்டு பிரதி இருந்தால் சேவல், ஒன்று இருந்தால் பெட்டை. ஏஎம்எச் என்ற மற்றொரு மரபணு கொமோடோ உடும்பின் பால் குரோமோசோமில் இருக்கிறது; சில மீன்களில் ஆணைத் தீர்மானிப்பதும் அதன் ஒரு பிரதியே. இதை இப்படிப் பாருங்கள்: முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கம்பத்து வயலுக்குப் போக மடை திறக்க வேண்டும். திறப்பவர் நீர்வளத்துறை ஆளாகவும் இருக்கலாம், ஊர் நீர்பாய்ச்சியாகவும் இருக்கலாம். திறந்தபின் ஓடும் வாய்க்கால் ஒன்றுதான். விதைப்பையையும் சூலகத்தையும் உருவாக்கும் மரபணுக்கள் மீனிலிருந்து மனிதன் வரை பெரிதாக மாறவில்லை. தொடக்கத்தில் கைவைப்பது யார் என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. பால் குரோமோசோம் இல்லாமல் ஆண் எப்படி என்று ஓணானைப் பார்த்துக் கேட்டோமே, கேள்வியே கொஞ்சம் கோணலானது. குரோமோசோம் ஆணை உண்டாக்குவதில்லை.

*

ஓணானுக்கு வருவோம். 1995-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எஸ். கணேஷும் ராஜீவ் ராமனும் ஓணான் முட்டைகளைச் சோதித்தார்கள். ராய்சௌத்ரியும் லால்ஜி சிங்கும் பாம்புகளைப் பார்த்த அதே பல்கலைக்கழகம். முட்டைக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பெண்ணாக வேண்டிய கரு ஆணாகிறது. பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியோல் கொடுத்தால் ஒன்றும் நடப்பதில்லை. வெப்பத்தை மாற்றினாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே தீர்மானிப்பது மரபு, நம் கண்ணுக்குத் தெரியாத மரபு. இது காசியின் தீர்ப்பு.

2012-ல் தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் லட்சுமி இனாம்தார் தொட்டமணியும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பி. சேஷகிரியும் சேர்ந்து வெளியிட்ட முடிவு வேறு. 25.5 டிகிரியில் பெண். 28.5-ல் ஆண். 31.5-ல் மறுபடி பெண். 34-ஐ ஒட்டி மறுபடி ஆண். பெண், ஆண், பெண், ஆண் என்று வெப்பமானியில் ஏற ஏற மாறி மாறி வருகிறது. ஊர்வனவற்றில் அதுவரை தெரிந்த வெப்ப முறைகள் மூன்றுதான்: குளிரில் ஆண் சூட்டில் பெண், குளிரில் பெண் சூட்டில் ஆண், இரண்டு முனையிலும் பெண் நடுவில் ஆண். நான்கு கட்டம் உள்ள முறை புதிது.

இரண்டில் ஒன்று தவறு என்று சொல்லிவிடுவது சுலபம். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்ற கதையாக ஆளுக்கொரு ஆய்வைக் காட்டி வாதாடிக்கொண்டும் இருக்கலாம். எனக்கு இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்புண்டு என்று படுகிறது. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், இரண்டு ஊரும் ஒரே பிராணியைத்தான் சோதித்தன என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஓணானுக்கு 1802-ல் அறிவியல் பெயர் வைத்தவர் பிரான்ஸின் தோதேன். புழுப்பாம்புக்கு அடுத்த ஆண்டு பெயர் வைத்தவரும் அவரே. ஈரானிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை எல்லாம் அதே ஓணான் என்று 200 ஆண்டுகள் எண்ணியிருந்தோம். 2021-ல் கௌரங் கோவண்டேயும் கூட்டாளிகளும் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது அந்த ஒன்று பலவாகப் பிரிந்தது. பழைய பெயரை வைத்துக்கொள்ளும் உரிமை புதுச்சேரியை மூல ஊராகக் கொண்ட தென்னிந்திய ஓணானுக்குக் கிடைத்தது. கம்பத்து வேலியில் இருப்பதும் இந்தத் தென்னாட்டுக்காரனே. கங்கைக்கரை ஓணானுக்கு ஒரு வழியும் தெற்கத்தி ஓணானுக்கு வேறு வழியும் இருந்தால் அதில் ஆச்சரியமில்லை. பல்லிகளில் 17 தடவைக்கு மேல் நடந்ததுதானே.

இரண்டாவது காரணம், மரபா வெப்பமா என்று பிரித்துக் கேட்பதே பிசகாக இருக்கலாம். இதற்குச் சாட்சி ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான், நம் ஓணானின் குடும்பம்தான். அதற்கு இசட்-டபிள்யூ உண்டு. டபிள்யூ ஒரு நுண்குரோமோசோம், சாதாரண முறையில் பார்த்தால் அகப்படாது. ஆனால் முட்டை 32 டிகிரிக்கு மேல் சூடானால் இசட்-இசட் கருவும் பெண்ணாகிறது. 2015-ல் கிளேர் ஹாலலியும் கூட்டாளிகளும் காட்டில் பிடித்த 131 தாடி ஓணான்களைச் சோதித்தபோது 11 பெண்கள் குரோமோசோம்படி ஆண்கள். இப்படிப் பால் மாறியவை மலடல்ல. அப்படிப்பட்ட பெண்கள் சாதாரணப் பெண்ணைவிட அதிக முட்டையிடுகின்றன. அவை சாதாரண இசட்-இசட் ஆணோடு சேர்ந்தால் குஞ்சுகளில் ஒன்றிடமும் டபிள்யூ இருக்காது. அந்தக் குஞ்சுகளுக்குப் பிறக்கும் முட்டைகளின் பாலை வெப்பமே தீர்மானிக்கும். நெடுங்காலமாக வந்த பால் குரோமோசோம் ஒரே தலைமுறையில், ஒரு வெயில் காலத்தில் காணாமல் போகலாம் என்று இதற்குப் பொருள். பால் குரோமோசோம்களின் முடிவு சிதைவு ஒன்றுதான் என்று ஓனோவைப் படித்து நினைத்திருந்தோம். இது இரண்டாவது முடிவு. சிதையாத டபிள்யூவும் ஒரு கோடையில் கைவிடப்படலாம். 2025-ல் வெளிவந்த இரண்டு மரபணுத்தொகை ஆய்வுகள், தாடி ஓணானின் இசட்டிலும் ஏஎம்எச்சின் பிரதியே இருப்பதாகச் சுட்டுகின்றன.

வெப்பத்துக்கு இவ்வளவு அதிகாரம் ஏன் கொடுக்க வேண்டும்? எந்தச் சூட்டில் பொரித்த ஆண் நன்றாக வாழுமோ அந்தச் சூட்டில் ஆணையே பொரிப்பது லாபம் என்று 1977-ல் சார்னோவும் புல்லும் ஊகித்தார்கள். சோதிப்பது கஷ்டம், எந்தச் சூட்டில் ஆணே பிறக்காதோ அந்தச் சூட்டு ஆணை எங்கே போய்ப் பார்ப்பது? டேனியல் வார்னரும் ரிச்சர்ட் ஷைனும் 2008-ல் இன்னொரு ஆஸ்திரேலிய ஓணானின் முட்டைகளுக்கு ஹார்மோன் தடுப்பு மருந்து கொடுத்து எல்லாச் சூட்டிலும் ஆண்களைப் பிறக்கவைத்தார்கள். வளர்ந்தபின் அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தையானவை, இயற்கையில் ஆண் பிறக்கும் நடுத்தரச் சூட்டிலிருந்து வந்தவையே.

கம்பம் பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர். மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் 1,500 மீட்டரை ஒட்டி. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில், சின்னமனூரிலிருந்து மலைச்சாலையில் ஏறினால் ஏழு டிகிரி இறங்கும். தார்வாட் ஆய்வின் நான்கு கட்டங்களில் மூன்றைத் தொடுவதற்கு அது போதும். ஆனால் ஓணான் முட்டை காற்றில் இருப்பதில்லை. மழை நனைத்த மண்ணைக் காலால் பறித்து, பத்துப் பதினைந்து முட்டையை வைத்து, மூக்கால் மண்ணை அமுக்கி மூடிவிட்டுத் தாய் போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் குழியின் சூட்டைத் தீர்மானிப்பது உயரத்தைவிட நிழல். பந்தல் அடர்ந்திருக்கிறதா, கவாத்து செய்து வெட்டவெளியாகக் கிடக்கிறதா, வாய்க்கால் ஈரம் எட்டுகிறதா என்பதைப் பொறுத்தது அது. ஆண் பொரிக்கும் 28.5-க்கும் பெண் பொரிக்கும் 31.5-க்கும் இடையே இருப்பது மூன்றே டிகிரி. நண்பகலில் பந்தல் நிழல் மண்ணுக்கும் பத்தடி தள்ளி வெயில் காயும் வரப்புக்கும் இடையே அதைவிட அதிக வித்தியாசம் உண்டு.